பண்டிகைக் கால மோசடிகளும் எல்லையோர மக்களின் சேமிப்பும்

தீபாவளி முடிந்துவிட்டது. கிறிஸ்துமஸ், வைகுண்ட ஏகாதசி, ஆங்கிலப் புத்தாண்டு, சங்கராந்தி ஆகியவை அடுத்தடுத்து வரவிருக்கின்றன. திருப்பதி மாவட்டத்தின் தென்கோடியிலுள்ள சத்தியவேட்டில், தெலுங்குக் குடும்பங்கள் சங்கராந்திக்கும் தமிழ்க் குடும்பங்கள் பொங்கலுக்கும் ஒரே கடைவீதியில்தான் சாமான் வாங்குகின்றன. இதே வாரங்களில்தான் அடுத்த ஆண்டுத் தீபாவளிக்கான சீட்டு அட்டைகளும் வீடு வீடாக வந்து சேர்கின்றன. ஏமாந்தவர்களைப் பற்றிய செய்தி நாளேடுகளில் வருவது ஐப்பசியில். பணம் கைமாறத் தொடங்குவதோ தை மாதத்தில். தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் எச்சரிக்கை விடுப்பது காவல்துறையின் வழக்கம். அப்போது கடைசித் தவணையும் கட்டி முடிந்திருக்கும். உழைக்கும் மக்களின் இயக்கம் இப்போதே பேச வேண்டும்.

சத்தியவேட்டின் நிலைமை சற்றுத் தனித்தன்மை வாய்ந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தபோது, செங்கல்பட்டு மாவட்டத்தின் திருவள்ளூர், பொன்னேரி வட்டங்களைச் சேர்ந்த சத்தியவேடு பகுதி ஆந்திராவுக்குச் சென்றது. கோடு மாறியதே தவிர வாழ்க்கை மாறவில்லை. ஊத்துக்கோட்டையிலும் கும்மிடிப்பூண்டியிலும் சென்னையிலும் கொடுக்கல் வாங்கல், உறவுமுறை, நகைக்கடை எல்லாம் தொடர்கின்றன. சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் பரந்து கிடக்கும் ஸ்ரீசிட்டி தொழில் வளாகம் வந்த பிறகு மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் ஏறும் இளம் தொழிலாளர்கள், குறிப்பாகப் பெண்கள், பெருமளவில் உருவாகியுள்ளனர். கையில் கைப்பேசி, கணக்கில் சம்பளம், எல்லைக்கு இருபுறமும் உறவு: மோசடிக்காரர் தேடுவதும் இத்தகைய மனிதரைத்தான்.

தீபாவளிச் சீட்டின் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்பது நல்லது. மாதம் 500 ரூபாய் வீதம் 12 மாதம் கட்டினால் 6,000 ரூபாய். முடிவில் பட்டாசு, இனிப்பு, எண்ணெய், மளிகை, ஒரு வெள்ளிக் காசு எனச் சுமார் 7,500 ரூபாய் மதிப்புள்ள பொருள் தருவதாக அட்டையில் அச்சிட்டிருக்கும் எனக் கொள்வோம். 6,000 ரூபாயும் முதல் நாளே கட்டப்படுவதில்லை. சராசரியாக ஆறரை மாதமே அந்தப் பணம் அவரிடம் இருக்கிறது. ஆகவே 1,500 ரூபாய் கூடுதல் என்பது ஆண்டுக்கு ஏறத்தாழ 46 சதவீத வட்டிக்குச் சமம். இதே தொகையை வங்கியில் ஆறரை சதவீத வட்டிக்குத் தொடர்வைப்பாகக் கட்டினால் கிடைப்பது சுமார் 200 ரூபாய்.

46 சதவீதம் எங்கிருந்து வரும்? ஒரு சிறு மளிகைக் கடைக்காரர் நூறு பேரிடம் வசூலித்து, மொத்த விலையில் வாங்கிச் சில்லறை விலைக்குக் கணக்குக் காட்டிக் கொடுத்தால் ஓரளவு சாத்தியமே. அப்படி நாணயமாகப் பல ஆண்டுகள் நடத்துபவர்கள் இருக்கிறார்கள்; அதனால்தான் மக்களுக்கு இந்த முறையின்மீது நம்பிக்கை இருக்கிறது. நூறு பேர் பத்தாயிரமாகும்போது கதை மாறுகிறது. முகவர்களுக்குக் கமிஷன், விளம்பரத்துக்குச் செலவு, மனை வாங்கிப் போட்ட முதலீடு என்று பணம் கரைகிறது. இந்த ஆண்டுப் பொருளை வாங்க அடுத்த ஆண்டு வசூல் தேவைப்படுகிறது. தங்கக் காசு தருவதாக ஒப்புக்கொண்டவர்களின் நிலை இன்னும் மோசம். 2025இல் சவரன் விலை 90,000 ரூபாயைத் தாண்டியது. தை மாத விலையை நம்பி ஐப்பசியில் காசு தருவதாகச் சொன்னவர், ஏமாற்றும் எண்ணமே இல்லாதவராக இருந்தாலும் கைவிரிக்கத்தான் வேண்டியிருக்கும். 2022இல் திருவண்ணாமலை மாவட்டம் செய்யாறு வட்டாரத்தில் தீபாவளிச் சீட்டுகள் முறிந்தபோது, தெருவில் நின்றவர்களில் பெரும்பாலோர் மாதாமாதம் சில நூறு ரூபாய் கட்டிய பெண்கள்.

சட்டத்தின் கண்ணில் இது சீட்டே அல்ல. 1982ஆம் ஆண்டு சீட்டு நிதிச் சட்டத்தின்படி சீட்டு நடத்துபவர் முன் அனுமதி பெற வேண்டும், பதிவாளரிடம் பிணையத் தொகை செலுத்த வேண்டும், ஒவ்வொரு சீட்டுக்கும் பதிவு எண் வாங்க வேண்டும். உறுப்பினருக்கு ஒப்பந்த நகல் தரப்பட வேண்டும். தீபாவளி அட்டையில் இவற்றில் எதுவும் இராது. ஒரு சாமி படமும் கைப்பேசி எண்ணும் இருக்கும். 2019ஆம் ஆண்டு முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்கள் தடைச் சட்டம் இத்தகைய வசூலைக் குற்றமாக்குகிறது. வைப்புத் தொகை வாங்கினால் இரண்டு முதல் ஏழு ஆண்டு வரை, மோசடியாகத் திருப்பித் தராமல் விட்டால் பத்து ஆண்டு வரை சிறை என்கிறது அந்தச் சட்டம். அது பெரும்பாலும் நிறுவனம் மூடப்பட்ட பிறகுதான் விழித்துக்கொள்கிறது.

நகைக் கடைகளின் சேமிப்புத் திட்டங்களையும் இந்த வரிசையில் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவை ஏன் பதினொரு மாதத்தில் முடிகின்றன என்று எவரும் கேட்பதில்லை. பொருளுக்காகப் பெற்ற முன்பணத்தை 365 நாட்களுக்குள் ஈடுசெய்யாவிட்டால் அது வைப்புத் தொகையாகிவிடும் என்று நிறுவனங்களுக்கான 2014ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்த வேலியைத் தாண்டாமல் நிற்பதற்கே பதினொரு மாதம். வாடிக்கையாளர் தருவது வெறும் முன்பணம். கடை மூடப்பட்டால் வைப்பாளருக்குரிய பாதுகாப்பு அவருக்கு இல்லை. திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட பிரணவ் ஜுவல்லர்ஸ் 2023 தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன் தன் கிளைகளை மூடியது. ஏறத்தாழ 100 கோடி ரூபாய் வசூலானதாக அமலாக்கத்துறை கூறியது. சேமித்த குடும்பங்கள் பூட்டிய கதவின் முன் பண்டிகையைக் கழித்தன.

இவற்றுக்கெல்லாம் தாய் போன்ற வழக்கு ஆந்திராவிலேயே இருக்கிறது. 1995இல் விஜயவாடாவில் தொடங்கப்பட்ட ஆக்ரிகோல்டு, மனை தருகிறோம் அல்லது வட்டியுடன் பணம் தருகிறோம் என்று சொல்லிப் பல மாநிலங்களில் 32 லட்சம் கணக்குகளில் 6,380 கோடி ரூபாய் திரட்டியது. 2014-15இல் பணம் நின்றது. முகவர்களாக இருந்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள்; தங்கள் சொந்தக்காரர்களிடமும் பக்கத்து வீட்டாரிடமும் வசூலித்தவர்கள். அவர்களில் பலரும், பணம் கட்டியவர்களில் பலரும் உயிரை மாய்த்துக்கொண்டனர். வாடிக்கையாளர்களும் முகவர்களும் ஒரே சங்கமாகத் திரண்டு, இடதுசாரித் தலைவர்கள் முன்னின்று, ஆண்டுக் கணக்கில் நடத்திய போராட்டமே அரசைப் பணியவைத்தது. 10,000 ரூபாய்க்குக் குறைவாகக் கட்டியவர்களுக்கு 2019இலும், 20,000 ரூபாய்க்குக் குறைவாகக் கட்டியவர்களுக்கு 2021 ஆகஸ்டிலும் ஆந்திர அரசு கருவூலத்திலிருந்து பணம் வழங்கியது. இரண்டு தவணையும் சேர்ந்து சுமார் 905 கோடி ரூபாய். முடக்கப்பட்ட சொத்துகளில் 3,339 கோடி ரூபாய் மதிப்புள்ளவற்றை விடுவிக்கும் நடவடிக்கை 2025 பிப்ரவரியில்தான் வந்தது. நிறுவனம் விழுந்து பத்தாண்டுகளுக்குப் பிறகு!

சென்னையில் ஆருத்ரா நிறுவனம் மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகச் சொல்லி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் 2,438 கோடி ரூபாய் வாங்கியது வெளியானது 2022இல். ஒவ்வொரு முறையும் அதிகாரிகளும் தொலைக்காட்சி விவாதக்காரர்களும் ஒரே சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள்: மக்களின் பேராசை. ஆருத்ராவில் லட்சக்கணக்கில் போட்டவருக்கு அது ஓரளவு பொருந்தலாம். மாதம் 500 ரூபாய் கட்டும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு எப்படிப் பொருந்தும்? அவருக்குத் தேவை, பண்டிகை நாளில் கடன் வாங்காமல் பிள்ளைகளுக்குப் புதுத் துணியும் வீட்டுக்கு மளிகையும். வங்கி திறந்திருக்கும் நேரத்தில் அவர் ஆலையில் இருக்கிறார். அஞ்சலகத் தொடர்வைப்பு ஐந்தாண்டுத் திட்டம். ஓராண்டில் முடித்துக்கொள்ள அதில் வழியில்லை. வாரந்தோறும் வீட்டு வாசலுக்கே வந்து 100, 150 என வாங்கிச் செல்பவர் சீட்டுக்காரர் ஒருவர்தான். பொதுத்துறை வங்கிகள் கிராமத்தைக் கைவிட்டு வெளியேறும் இடத்தில் அவர் நுழைகிறார். 8.33 சதவீதக் குறைந்தபட்ச போனஸ் சட்டபூர்வ உரிமை. ஒப்பந்தத் தொழிலாளருக்கும் அது உண்டு. அது ஒழுங்காகக் கைக்கு வந்திருந்தால் தீபாவளிச் சீட்டுக்குத் தேவையே பாதியாகக் குறைந்திருக்கும். நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்ததாக ஒன்றிய அரசு அறிவித்துள்ள தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் அந்த உரிமையை மேலும் பலவீனமாக்கும் அபாயத்தைத் தொழிற்சங்கங்கள் சுட்டிக்காட்டி வருகின்றன.

இனி கைப்பேசி வழியாக வரும் கொள்ளை. நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசே தந்த தகவலின்படி இணையவழி மோசடிகளில் மக்கள் இழந்த தொகை 2023இல் 7,465 கோடி ரூபாய். 2024இல் 22,845 கோடி ரூபாய். ஓராண்டில் மூன்று மடங்கு. ‘டிஜிட்டல் கைது’ என்று ஒன்று சட்டத்தில் இல்லை எனப் பிரதமர் வானொலியில் பேசியதும் அதே 2024இல்தான்.

பண்டிகைக் காலத்தில் இதற்கு அணிவிக்கப்படும் வேடங்கள் சில. முகவரி சரியில்லாததால் பார்சல் நிற்கிறது, ஐந்து ரூபாய் கட்டுங்கள் என்று ஒரு குறுஞ்செய்தி. பொங்கல் பரிசு, இலவச ரீசார்ஜ் என்று ஓர் இணைப்பு. வாழ்த்து அட்டை, திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு. அதை நிறுவிவிட்டால் கைப்பேசிக்கு வரும் ஓடிபி எல்லாம் வேறொருவர் கைக்குப் போய்விடும். பாதி விலைக்குத் துணி விற்கும் போலிக் கடைகள். திருப்பதி மாவட்டத்தில் கூடுதலாக ஒன்று: திருமலைத் தரிசனச் சீட்டும் தங்கும் அறையும் வாங்கித் தருவதாகப் பணம் பறிக்கும் போலி இணையதளங்களும் தரகர்களும். தேவஸ்தானமே பலமுறை எச்சரித்திருக்கிறது. அதன் உண்மையான இணையதளம் ஆந்திர அரசின் முகவரியில் மட்டுமே இயங்குகிறது. வைகுண்ட ஏகாதசியை ஒட்டிய நாட்களில் தமிழ்நாட்டிலிருந்து வரும் உறவினருக்காகச் சீட்டு தேடும் சத்தியவேட்டுக் குடும்பங்கள் இதை மனத்தில் கொள்ள வேண்டும்.

யுபிஐ பற்றி ஒரே ஒரு விதி போதும். பணம் பெறுவதற்குப் பின் எண் தேவையில்லை. கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து பின் எண் போடுங்கள், பரிசு கணக்கில் ஏறும் என்று யார் சொன்னாலும் அது பணத்தை எடுப்பதற்கான வழிதான்.

இதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. திருடிய பணத்தை உடனே வேறு கணக்குகளுக்கு மாற்றினால்தான் மோசடிக்காரர் தப்ப முடியும். அதற்கு ஏழைகளின் கணக்குகள் தேவை. சில ஆயிரம் ரூபாய் தருகிறேன், உன் ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் மட்டும் கொடு என்று கேட்பவர்கள், சம்பளக் கணக்கு வைத்திருக்கும் இளைஞர்களையும் கல்லூரி மாணவர்களையும் குறிவைக்கிறார்கள். கொடுத்தவருக்கு என்ன நடக்கும்? முதலில் கணக்கு முடக்கப்படும்; மாதச் சம்பளம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். பிறகு எங்கோ தொலைதூர மாநிலக் காவல்துறை வாசலில் நிற்கும். கொள்ளையின் தலைவர் அகப்படாமல் போகலாம். கணக்கு வாடகைக்குக் கொடுத்த ஒப்பந்தத் தொழிலாளி உறுதியாக அகப்படுவார். வேலை தேடி வந்து ஸ்ரீசிட்டியைச் சுற்றி விடுதிகளிலும் வாடகை அறைகளிலும் தங்கியிருக்கும் இளைஞர்களிடம் இதைச் சொல்ல இன்று ஆளில்லை.

பணம் போய்விட்டது என்று தெரிந்த முதல் மணி நேரமே முக்கியம். 1930 என்ற எண் நாடு முழுவதற்குமானது. அதில் பதிவான புகாரின் பேரில் பணம் சென்ற கணக்கை வங்கி நிறுத்திவைக்க முடியும்; அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிவிட்டால் நிறுத்த ஒன்றும் மிஞ்சாது. வெட்கத்தாலும், வீட்டில் திட்டுவார்கள் என்ற பயத்தாலும் மறுநாள்வரை மறைப்பவர்களே அதிகம் இழக்கிறார்கள். 1930ஐ அழைத்த கையோடு வங்கிக்கும் தெரிவித்துப் புகார் எண் வாங்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரின் தவறோ வங்கியின் தவறோ இல்லாமல் மூன்றாம் நபரால் பணம் எடுக்கப்பட்டிருந்தால், வங்கியிடமிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் தந்தவருக்கு இழப்பே இல்லை. பத்து வேலை நாட்களுக்குள் அந்தத் தொகையை வங்கி கணக்கில் வரவு வைக்க வேண்டும். ஓடிபியைத் தானே சொல்லிவிட்டவருக்குக்கூட ஓர் உரிமை உண்டு: வங்கிக்குத் தெரிவித்த பிறகு நடக்கும் எந்த இழப்பும் வங்கியையே சேரும். இந்தச் சுற்றறிக்கையைக் கிளை மேலாளர்கள் தாமாக எடுத்துச் சொல்வது அரிது. கேட்டால்தான் வரும்.

எல்லையோர மக்களுக்கு இதற்கு மேலும் ஒரு தடை இருக்கிறது. வீடு ஆந்திராவில், சீட்டு கட்டியது ஊத்துக்கோட்டையில் என்றால், இங்குள்ள காவல் நிலையம் அங்கே போகச் சொல்லும். அங்குள்ளது இங்கே திருப்பி அனுப்பும். இரண்டு மாநிலங்களிலும் வைப்பாளர் பாதுகாப்புச் சட்டம் உண்டு. தமிழ்நாட்டுச் சட்டம் 1997இலும் ஆந்திரச் சட்டம் 1999இலும் வந்தவை. நிறுவனம் தமிழ்நாட்டில் இருந்தால் அந்த மாநிலப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் அவரவர் தனித்தனியே, கட்டிய அட்டையின் நகலுடன் புகார் தர வேண்டும். சொத்து ஏலம்போகும் நாளில் யாரிடம் எவ்வளவு வாங்கப்பட்டது என்ற கணக்கு இந்தப் புகார்களிலிருந்தே உருவாகிறது. தவிர, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள நாகரிக் சுரக்ஷா சம்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எங்கு நடந்திருந்தாலும் தகவலைப் பெற்றுப் பதிவு செய்யும் கடமையைக் காவல் நிலையத்துக்கு விதிக்கிறது. அந்தச் சட்டத்தின் பிற பகுதிகளைப் பற்றி இடதுசாரிகளுக்குக் கடுமையான விமர்சனங்கள் உண்டு. இந்தப் பிரிவைப் பயன்படுத்திக்கொள்வதற்கு அது தடையாகாது. மொழியும் ஒரு சுவர். வங்கியின் குறுஞ்செய்தி ஆங்கிலத்தில், காவல் நிலையப் படிவம் தெலுங்கில், இழந்தவர் பேசுவது தமிழில். சத்தியவேடு பகுதியில் தமிழிலும் புகார் பெறும் ஏற்பாட்டை மாவட்டக் காவல்துறை செய்தே ஆக வேண்டும்.

அரசுகளின் கடமை இத்துடன் முடிவதில்லை. ஓராண்டில் முதிரும் சிறுசேமிப்புத் திட்டம் ஒன்றை அஞ்சலகம் வழியாக, வீட்டுக்கு வந்து வசூலிக்கும் முகவர்களோடு, ஒன்றிய அரசு தொடங்குவதற்கு எந்தத் தடையும் இல்லை. தொழில் வளாகங்களில் ஆலை முடியும் நேரத்துக்குப் பிறகும் இயங்கும் பொதுத்துறை வங்கிக் கிளை கேட்பதும் நியாயமான கோரிக்கையே. சங்கம் உள்ள இடங்களில் சிக்கன நாணயக் கூட்டுறவுச் சங்கங்களைத் தொழிலாளர்களே அமைக்கலாம். அது பழைய பாதை, ஆனால் இன்றும் அழியாத பாதை.

கட்சிக்குள்ளும் ஒன்றைப் பேசியாக வேண்டும். தெருவில் நம்பகமானவர் என்று பெயரெடுத்தவரைத்தான் சீட்டு நிறுவனங்கள் முகவராக்குகின்றன. ஆசிரியர், அங்கன்வாடி ஊழியர், சுயஉதவிக்குழுத் தலைவி, சில ஊர்களில் கட்சித் தோழர்களும் அந்த வலையில் விழுகிறார்கள். கமிஷன் சில நூறு ரூபாய்தான். இழப்பதோ பல ஆண்டு மக்கள் பணியில் சேர்த்த நம்பிக்கை. பதிவு எண் இல்லாத எந்த வசூலிலும் கட்சி உறுப்பினரோ சங்க நிர்வாகியோ முகவராக இருக்கக் கூடாது என்று கிளைகள் தெளிவாக முடிவெடுக்க வேண்டும். ஏற்கெனவே இருப்பவர்களைக் குற்றவாளிகளாகப் பார்க்கத் தேவையில்லை. ஆக்ரிகோல்டு போராட்டத்தில் முகவர்களும் பாதிக்கப்பட்டவர்களாகவே உடன் நின்றார்கள்.

சத்தியவேடு, வரதய்யபாளையம், நாகலாபுரம் மண்டலக் கிளைகள் செய்யக்கூடிய உடனடி வேலை ஒன்று உண்டு. தங்கள் தெருவில் புதிதாக வந்துள்ள சீட்டு அட்டைகளைத் திரட்டி, நிறுவனத்தின் பெயர், முகவரி, பதிவு எண் உள்ளதா இல்லையா, எவ்வளவு வசூலிக்கிறது என்று ஒரு தாளில் எழுத வேண்டும். தமிழ்நாட்டு முகவரி கொண்டவற்றைத் திருவள்ளூர் மாவட்டத் தோழர்களிடம் சேர்ப்பிக்க வேண்டும். பட்டியலைப் பதிவுத் துறையின் கீழுள்ள சீட்டுப் பதிவாளரிடம் மனுவாகக் கொடுத்து, இவற்றில் எவை பதிவு பெற்றவை என்று எழுத்தில் பதில் கேட்க வேண்டும். பதிவு பெறாதவற்றின் மீது ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ இணையதளத்திலும் புகார் பதியலாம். போகிக்கு முன் இந்த மனு போய்ச் சேர்ந்தால், இரண்டாம் தவணை வசூலுக்கு ஆள் வருவதற்குள் பதிவாளரின் பதில் கையில் இருக்க வாய்ப்புண்டு.